கதாநாயகி ஓடும் காட்சி

அண்ணன் வருவதற்குள் கேமராவை நிறுத்தியாக வேண்டும். எந்தப் பொத்தான் என்றுதான் தெரியவில்லை.

அவன் தங்கை மாத்திரை, மேஜைக்கு முன்னால் முழங்காலிட்டுக் கேமராவின் முதுகைத் தடவினாள். ஒன்றை அழுத்தினாள், திரை வெளிச்சமானது. இன்னொன்றை அழுத்தினாள், அணைந்தது. அடுத்ததைத் தொடும் முன்பே அது தன் பாட்டுக்கு ‘க்ளிக்’ என்றது.

கூடத்தில் அத்தையின் அழுகை ஒரு கணம் நின்றது.

“யாரு உள்ள? எங்க அண்ணன் ரூம்ல யாரு போட்டோ எடுக்கறது?”

“நான்தான் அத்தை. கேமரா தானா எடுக்குது.”

“தானாவா? ஐயையோ, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. நிறுத்தித் தொலைடி அதை!”

நிறுத்தத் தெரிந்த அப்பா கூடத்தில் கிடந்தார். காலையில் இதே அறையில், மேஜையோரத்து நாற்காலியில், தலையை மேஜையில் சாய்த்தபடி போய்ச் சேர்ந்திருந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து தூக்கிப் போனார்கள். கேமராவை யாரும் கவனிக்கவில்லை. அது சுவர் பிளக்கிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு, இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று அப்பா வைத்துவிட்டுப் போன கணக்கில், எதிரே இருப்பதை எடுத்துக்கொண்டே இருந்தது.

எதிரே இருந்தது ஒரு ரயில் நிலையம். அட்டையில் நடைமேடை. பஞ்சில் புகை. ரயில் பெட்டியின் ஜன்னலோரத்தில் தொப்பி வைத்த கதாநாயகனும், கோட்டு போட்ட கதாநாயகியும். இரண்டும் சாண் உயரப் பொம்மைகள். விரலுக்கு விரல் மூட்டு உண்டு. விலையைச் சொன்னால் அத்தைக்கு இன்னொரு முறை அழுகை வரும்.

அப்பா பல் செட் செய்பவர். இந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் கொடுத்த பற்களால்தான் மெல்லுகிறார்கள். இன்று கூடத்தில் உட்கார்ந்து அழுகிறவர்களிலும் சிலர் அவர் பல்லைக் காட்டித்தான் அழுகிறார்கள். பட்டறையை மூடிய பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம் இது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்வார். பொம்மைகளுக்கு உடை தைப்பார். பல் செய்யும் பிளாஸ்டிக்கில் கைப்பை, கடிகாரம், தெருவிளக்கு எல்லாம் வார்ப்பார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, “தாடையைத் தூக்கும்மா, வெளிச்சம் வாங்கிக்கோ” என்று பொம்மையிடம் கெஞ்சுவார். நண்டுசிண்டு முதல் கிழவர்கள் வரை எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவர் எடுத்து இணையத்தில் போட்ட புகைப்படங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அம்மா மட்டும் தட்டியதில்லை. “அந்தச் சிறுக்கிக்குக் கோட்டு தைக்கத் தெரியுது. இவர் சட்டைக்குப் பட்டன் தைக்க மட்டும் நான் வேணும்.”

இந்த முறை அப்பா ஒருபடி மேலே போயிருந்தார். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, வரிசையாகப் படமெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் கதாநாயகி நிஜமாகவே நடைமேடையில் ஓடுவாள் என்றார். போன வாரம் போனில் குழந்தை மாதிரி குதித்தார். “மாத்திரை, அவ கோட்டு பறக்கும் பாரு!”

சின்ன வயதில் குட்டையாக, உருண்டையாக இருந்ததால் அவர் வைத்த பெயர் அது. பின்னால் அவள் மருந்துக்கடையே திறந்ததும், பெயர் வைத்த பெருமையில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கதவு தடதடத்தது.

“மாத்திரை, கதவைத் திற. கேமராவுல நேரம் பதிவாகியிருக்கும். எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஒரு போன் வந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு ஓடுவான். அப்பாவுக்காக மட்டும் அந்தப் போன் அவனுக்கு வரவில்லை. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்த்த டாக்டர், “உயிர் போய் ரொம்ப நேரம் ஆச்சே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போனார். பிடித்தது சனியன்.

“வீட்டுக்குள்ளயே இருந்திருக்கே. உனக்கு எப்படிம்மா தெரியாம போகும்?” என்று நாலு பேர் முன்னால் கேட்டான்.

“சமையல்கட்டுல இருந்தேன்,” என்றாள் அம்மா.

“இவ்வளவு நேரமா?”

அதற்குப் பதில் அத்தைதான் சொன்னாள். “அண்ணிக்கு எப்பவும் எங்க அண்ணன் இருக்காரா இல்லையாங்கறதே கண்ணுல பட்டதில்லையே.”

அதன் பிறகு அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா இனிமேல் இருக்கப்போவது அவன் வீட்டில்தான். மருந்துக்கடை மாடியில் மாத்திரைக்கே கால் நீட்ட இடமில்லை. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் எப்படிச் சாப்பிடுவார்கள்? அதனால்தான் அவனுக்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அப்பா கூப்பிட்டும் அம்மா வராமல் இருந்திருந்தால்? அது மட்டும் இல்லாமல் இருந்தால் போதும்.

சட்டென்று வயரைப் பிடுங்கி, கேமராவைத் தாங்கியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முக்கோணம் போட்ட பொத்தான். அழுத்தினாள். படம் வந்தது.

கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போனது.

முதலில் லென்ஸை மறைத்த அவளுடைய விரல். பிறகு அண்ணனின் இடுப்பில் ஸ்பேனர் தொங்கும் பெல்ட். பிறகு யார் யாரோ ஆண்களின் கைகள், அப்பாவைத் தூக்குகின்றன. மாத்திரை கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் அழுத்தினாள். திறந்தபோது ரயில் நிலையம் அமைதியாக இருந்தது. இடது ஓரத்தில், மேஜை மேல், அப்பாவின் வலது கை.

அடுத்த படத்திலும் அதே கை. அடுத்ததிலும். சுண்டுவிரல் மடிந்திருந்த விதம்கூட மாறவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு இன்னொரு கை உள்ளே வந்தது. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. நேற்று கத்தி பட்டபோது மாத்திரைதான் ஒட்டிவிட்டாள்.

அம்மாவின் கை.

அது கதாநாயகியின் இடுப்பைப் பிடித்திருந்தது. இன்னும் பின்னால் போனாள். கதாநாயகி படியில் இருந்தாள், பிறகு நடைமேடையில், பிறகு இன்னும் தள்ளி. ஒவ்வொரு படத்திலும் பிளாஸ்திரி விரல். ஒவ்வொரு படத்திலும் அசையாத அந்தக் கை.

சமையல்கட்டு இல்லை. அம்மா இங்கேதான் இருந்திருக்கிறாள். அப்பா செத்துக் கிடக்கையில், பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுக்காமல், பொம்மையை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை அண்ணன் பார்த்தால்?

குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள்.

“மாத்திரை.” கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது அம்மாவின் குரல். “திற. அவன் பார்க்கட்டும்.”

“வேணாம்மா.”

“திறடி.”

திறந்தாள். அண்ணன் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். அம்மா சுவரோரமாக நின்றாள். கிரீஸ் படிந்த விரல் பொத்தானை அழுத்த அழுத்த, அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே போனது.

“இது என்னம்மா?” குரல் கிசுகிசுப்பாக வந்தது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “அவர் போயிட்டாரு. நீ இங்க பொம்மை விளையாடிக்கிட்டு இருந்திருக்கே.”

“பாதியில விட்டுடாதேன்னாரு.”

“யாரு?”

“நடுவுல ஒரு இடைவெளி விட்டாலும் அவ தாவுற மாதிரி தெரியுமாம். ஓடணுமாம்.”

அண்ணன் மேஜையைப் பார்த்தான். அப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன் அவன்.

“படத்துல அவ ரயில் ஏற மாட்டாளே? பிளாட்பாரத்துலயே நின்னுடுவா.”

“ஆமா. உங்கப்பா அந்த இடத்துலதான் மூக்கை உறிஞ்சுவாரு.” அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நான்தான் ஏத்தி விட்டேன்.”

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா...” அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “போன தடவை ஆஸ்பத்திரியில குழாயும் ஒயருமா கிடந்தாரு. இன்னொரு தடவை என்னை இங்க கொண்டு வராதடான்னாரு. உங்களைக் கேட்டாப்பா தூக்கிட்டு வருவேன்னு சிரிச்சேன். தூக்கியிருப்பேன்மா. நிமிஷத்துல வந்து தூக்கியிருப்பேன்.”

“தெரியும்,” என்றாள் அம்மா. “இன்னும் பின்னால போ.”

அவன் அசையவில்லை. மாத்திரைதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

கதாநாயகி பின்னோக்கி நடந்தாள். கோட்டு நுனி ஒவ்வொரு படத்திலும் வேறு விதமாகப் பறந்தது. ஓரிடத்தில் அப்பாவின் கை அசைந்தது. சுண்டுவிரல் நிமிர்ந்திருந்தது. இன்னொரு படத்தில் அவர் விரல் நடைமேடையைச் சுட்டிக்காட்டியது, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்கிற மாதிரி. அதற்கும் முந்தியதில் அவர் கதாநாயகியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கும் முந்திய படத்தில் பொம்மையே தெரியவில்லை. ரயிலை மறைத்தபடி, பெரிதாக, அம்மாவின் போன். திரையில் ஹெல்மெட்டோடு சிரிக்கும் அண்ணனின் முகம், பாதிதான் தெரிந்தது. அழைக்கும் பொத்தானுக்கும் அம்மாவின் பிளாஸ்திரி விரலுக்கும் நடுவில் அப்பாவின் கை இருந்தது.