கூடுதல் இரண்டு வருஷம்

ஊர்த் தலைவர்களின் பதவிக்காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகிறது, இப்போது இருப்பவர்கள் விரும்பினால் அப்படியே தொடரலாம் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். நான் கடை திறப்பதற்குள் தெருவே வந்து என் கையைக் குலுக்கிவிட்டது. வந்த எரிச்சலில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன்.

எங்கள் ஊர்த் தலைவி என் பெண்டாட்டி. அவள் ஜெயிப்பதற்கு முன் கடையில் இரண்டு தையல் மெஷினும் ஓடும். ஒன்றில் நான், எதிரே அவள். பேசிக்கொண்டே தைப்போம், சண்டை போட்டுக்கொண்டே பட்டன் வைப்போம். இந்த மூன்று வருஷமாக எதிர் மெஷின் உறை போட்டுக் கிடக்கிறது. அவள் வீட்டுக்கு வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அடுத்த மாதம் பதவி முடிகிறது, திரும்பி வந்துவிடுவாள் என்று அந்த மெஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தேன். இப்போது திடீரென்று இன்னும் இரண்டு வருஷம் என்கிறார்கள். யாரைக் கேட்டு நீட்டினார்கள்?

வீட்டில் பேசலாமென்றால் ஆள் கிடைக்க வேண்டுமே. அன்று மனு வாங்கும் நாள். கடையைப் பூட்டிவிட்டு ஊர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

"நீங்க எதுக்கு வரிசையில? நேரா உள்ள போங்க" என்றார் முன்னால் நின்ற பால்காரர்.

"குறை சொல்ல வந்திருக்கேன். எல்லாரையும் மாதிரிதான் போவேன்" என்றேன்.

என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காருங்க. என்ன குறை?" என்றாள், எல்லோரையும் கேட்கிற அதே குரலில்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்தே போய்விட்டது. "என் பெண்டாட்டிய எனக்குத் திருப்பிக் குடுங்க. வேற ஒண்ணும் இல்ல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"மூணு வருஷம்னு சொல்லித்தானே ஓட்டு கேட்டேன்? சட்டம் நீட்டினா ஆச்சா? மிச்ச ரெண்டு வருஷத்துக்கு வீடு வீடா போய்க் கேக்கப் போறேன். வேண்டாம்னா எறங்கிடுவேன். ஆபீசுக்குப் போன வாரமே தகவல் வந்துடுச்சு. மொதல்ல உங்களத்தான் கேக்கணும்னு தினமும் வரேன். நீங்க தூங்கிட்டிருக்கீங்க."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"நாளெல்லாம் குனிஞ்சு தைக்கிற மனுஷன். மனசு வரல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் விடாமல், "நான் வேண்டாம்னு சொன்னா?" என்றேன்.

"அடுத்த மாசம் பதவி முடிஞ்ச மறுநாளே வந்து மெஷின்ல உக்காந்துடுவேன்."

சொன்னால் செய்வாள். ஒரு வார்த்தை போதும், எதிர் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். ஆசை யாரை விட்டது? ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். ஓட்டு எண்ணிய அன்றுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. இந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இருந்துக்கோ" என்றேன். "ஆனா ஏதாவது கேக்கணும்னா இனிமே எழுப்பிடு."

வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, மேஜைக்கு மேலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்க ஒண்ணும் இல்லன்னா?"

"அப்பவும் எழுப்பு."