கண்கட்டு அவிழாத வான்

"அவர் உன்ரை அக்காவின்ரை புருசன் எண்டதை—"

"அதைத்தான் நானும் சொல்லுறன். உன்ரை புருசன், நீயே போய்—"

"—எண்டதையாவது நினைச்சுப் பாரெண்டு கேக்க வந்தால்—"

"—நீயே போய்த் திருத்து! என்னை ஏன் கூப்பிடுறாய்? என்ரை பேர்தான் ஒரு இடத்திலையும் இல்லையே."

"கத்தாதை றெபா. பக்கத்து வீட்டிலை கேக்கும்."

"கேக்கட்டும். அவையளுக்குத்தான் இன்னும் தெரியாது."

இணுவிலில், றெபேக்காவின் குசினிக்குள் நின்றுதான் அக்காவும் தங்கச்சியும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் சீலா, பின்னேர விழாவுக்குக் காலையிலேயே பட்டுடுத்து, காதுக்கும் கழுத்துக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இளையவள் றெபேக்கா வீட்டுச் சட்டையோடு நின்று மீன் வெட்டினாள். அக்கா கதைக்கக் கதைக்க அவளுடைய கத்தி வேகமாகப் போனது.

சண்டைக்கு வயது ஒரு வருசத்துக்கு மேல். றெபேக்கா சுவிஸ் எல்லையில், நிலத்துக்கு அடியில், அணுவிலும் சிறிய துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கிற கொலைடரில் நெடுங்காலம் வேலை செய்தவள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் மோதல் நடக்கும். அதில் வைத்திருக்க வேண்டியது எது, வீசவேண்டியது எது என்று கணினி தானே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை எழுதுவதுதான் அவள் தொழில். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிப் பார்க்க ஆளில்லை என்றானதும் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள்.

சீலாவின் புருசன் றொபின் அப்போது யாழ்ப்பாண ரவுணில் வாகன மென்பொருள் கொம்பனி ஒன்றைத் தொடங்கித் தடுமாறிக்கொண்டிருந்தார். தானே பிரேக் பிடிக்கிற வான் ஒன்று செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் வானின் முகத்தில் பூட்டிய ராடருக்குத் தகரவேலியும் மழைத்துளியும் குறுக்கே ஓடுகிற பிள்ளையும் எல்லாம் ஒரே இரைச்சல்தான். "அங்கை நான் செய்தது உதுதானே அத்தான்," என்றாள் றெபேக்கா. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்து, இரவு பகலாக எழுதினாள்.

அம்மா போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில் றொபின் முன்வரிசையில் நின்று கண்ணீர் வடியப் பாமாலை பாடினார். அதே கிழமையில், றெபேக்கா எழுதினதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஜெர்மனிக்குப் போனது, அவருடைய பேரை மட்டும் சுமந்துகொண்டு. கொம்பனிக் கதவுக்குப் புதுப் பூட்டும் வந்தது. "துக்கத்திலை இருக்கிற பிள்ளையைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு நினைச்சன்," என்று சபையாரிடம் சொன்னாராம்.

"என்ன நடந்ததெண்டாவது கேளன்," என்றாள் சீலா. "வான் மெல்லமா ஓடினால் வடிவா நிக்குது. நேற்று நாப்பது கிலோமீற்றர் வேகத்திலை விட்டுப் பாத்தவை. முன்னாலை நிப்பாட்டின வைக்கல் பொம்மையை அடிச்சுத் தூக்கிக்கொண்டு போய் வெங்காயத் தோட்டத்துக்கை போட்டிட்டுது. இண்டைக்கு அந்தக் கட்டுரையை வாசிச்ச ஜெர்மன்காரர் வானைப் பாக்க வருகினம். மனுசன் கண்ணோடை கண் மூடேல்லை. எங்கை பாத்தாலும் பிழையில்லையாம்."

"வேகம் கூடக் கூடத்தான் பிழையும் கூடுதோ?"

"ஓம். உனக்கெப்பிடி—"

கத்தி நின்றது. றெபேக்கா மீன் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. சீலாவுக்குப் பயம் பிடித்தது.

"எடியே, உனக்கென்ன விசரே?"

"போனை எடு. உன்ரை மனுசனோடை ஒருக்காக் கதைக்கவேணும்."

சீலா எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அத்தான், ஒரேயொரு கேள்வி. நான் எழுதினதுக்குள்ளை குறிப்பு வரியள் இருந்ததல்லோ? இது இன்னது செய்யும், இதிலை கவனம் எண்டு. அதுகளை என்ன செய்தனீங்கள்?"

"குறிப்பே? வான் ஓட அது தேவையில்லைத்தானே. எல்லாத்தையும் ஒரேயடியா அழிச்சுப்போட்டன். ஏன்?"

"வாசிச்சு வாசிச்சோ அழிச்சனீங்கள்?"

"உதுகளை ஆர் இருந்து வாசிக்கிறது?"

"ஓமோம். ஒவ்வொரு குறிப்பிலையும் என்ரை பேர் நிண்டது. அதுதானே கண்ணுக்கை குத்தினது?"

போனுக்குள் கதிரை இழுபட்டது. றெபேக்கா விடவில்லை.

"பேரை அழிச்சனீங்கள், போகட்டும். பேருக்குக் கீழை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்திருக்கலாம். 'இதிலை கண்கட்டு இருக்கு, அவிழ்க்காமல் ரோட்டிலை விடக்கூடாது' எண்டு பெரிசா எழுதினனான்."

"கண்கட்டோ? அதென்ன கண்டறியாத கண்கட்டு?" என்றாள் சீலா.

கொலைடர்க்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிடித்த விடையின் பக்கம் மனிதக் கை தானாகச் சாயும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அளவுகளுக்குள் ஒரு பொய்யைத் தாங்களே கலந்து ஒளித்துவிடுவார்கள். எவ்வளவு பொய் என்பது வேலை செய்கிறவருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து, இனி ஒன்றையும் மாற்றமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் கண்கட்டை அவிழ்த்து, பொய்யைக் கழித்து, மெய்யைப் பார்ப்பார்கள். அத்தானுக்குக் கை சாய்கிற பழக்கம் கூட என்று கண்ட றெபேக்கா, வானுக்கும் ஒரு கண்கட்டுப் போட்டாள். வேகம் ஏற ஏற, முன்னால் நிற்பது இருக்கிற தூரத்துக்கும் அப்பால் நிற்பதாக வானுக்குத் தோன்றும். எவ்வளவு அப்பால் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். தேடுகிறவனுக்கு அகப்படாமல் பல இடத்தில் பிரித்து ஒளித்திருந்தாள். கையளிக்கிற அன்று அவிழ்த்துக் கொடுப்பம் என்று இருந்தாள். கையளிக்கிற நாள் வரவில்லை. அள்ளிக்கொண்டு ஓடின நாள்தான் வந்தது.

"அப்ப உடனை அதைச் சொல்லும்," என்றார் றொபின். குரல் இறங்கியிருந்தது. "எவ்வளவு, எங்கை இருக்கு?"

"சொல்லுறன். பின்னேரம் மைக்கைப் பிடிச்சு, ஜெர்மன்காரருக்கும் சபைச் சனத்துக்கும் முன்னாலை, உதை எழுதினது றெபேக்கா எண்டு சொல்லுங்கோ. அடுத்த நிமிசம் அவிட்டுத் தாறன்."

"அடுத்த கட்டுரையிலை உம்மடை பேரையும் ரெண்டாவதாப் போடுறன்."

"நான் பெத்த பிள்ளைக்கு நான் சித்தியோ?"

"றெபேக்கா, இது குடும்பத்துக்கை இருக்கிற கதை. வெளியாலை கொண்டு போறது வடிவில்லை."

"களவு குடும்பத்துக்கை, கைதட்டு மட்டும் வெளியாலையோ?"

"நீர் இல்லாட்டி வான் ஓடாதெண்டு நினைக்காதையும்! பதினைஞ்சிலை ஓடிக் காட்டிப்போட்டு விடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

போன் அறுந்தது. சீலா பட்டுத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அவற்றை முகத்திலை கரி பூசினால் அது என்ரை முகமுந்தானேடி?"

"அம்மாவைத் தாட்ட கிழமை, அவர் என்ன செய்யிறாரெண்டு உனக்குத் தெரியுமோ தெரியாதோ?"

சீலா யன்னலைப் பார்த்தாள். "எனக்குப் பிள்ளையள் இருக்கு," என்றாள்.

"எனக்கு அது ஒண்டுதான் இருந்தது," என்று சொல்லி, றெபேக்கா மீன் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினாள்.

புத்தூரில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே நேராக ஓடிய தார் வீதியைப் பின்னேரத்துக்கு மறித்திருந்தார்கள். பந்தலும் கதிரைகளும் ஒலிபெருக்கியும் வந்திறங்கியிருந்தன. போதகர் ஜெபித்தார். றொபின் நீலக் கோட்டுப் போட்டு, கம்பியில்லாத மைக்கோடு அங்குமிங்கும் நடந்தார். றெபேக்கா பந்தலுக்குள் போகவில்லை. வீதியின் மற்றத் தொங்கலில், ஓட்டம் தொடங்குகிற இடத்தில் நின்ற வானுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தாளின் முகம் விழுவதைப் பார்க்க வந்தேன் என்று ஒளிக்காமல் சொல்லியிருப்பாள்.

வானில் சாரதியாக இருந்தவன் ஷிஹாப். அவள் கொம்பனியில் இருந்த நாள் தொட்டே பரிசோதனை ஓட்டமெல்லாம் அவன்தான்.

"மிஸ்! நீங்கள் வந்தது பெரிய ஆறுதல். நேற்றையிலை இருந்து உந்த வானிலை எனக்கு நம்பிக்கை இல்லை."

"பதினைஞ்சிலைதானே ஓடுறியள்?"

"அப்பிடித்தான் சேர் காலமை சொன்னவர். பிறகு மத்தியானம் ஏதோ மாத்தினவர். முப்பதிலை ஒருக்கா நிண்டது. 'சரி, பிடிச்சிட்டன்' எண்டு துள்ளிக்கொண்டு திரியிறார். நாப்பதிலை விட்டுப் பாக்க நேரம் காணேல்லை. அதுக்குள்ளை நான் ரெண்டு காலையும் கதிரைக்கு மேலை தூக்கி வைக்கட்டாம், பிரேக்கிலை கால் இல்லையெண்டு சனம் பாக்கட்டாம்."

றெபேக்காவுக்கு விளங்கியது. பிடித்த விடை ஒருதரம் வந்ததும் அத்தான் கையை எடுத்துவிட்டார். இந்த மனுசனுக்குத்தானே அந்தக் கண்கட்டு!

பதினைந்தில் வான் போனது. வைக்கல் பொம்மைக்கு முன்னால் பிள்ளைப்பூச்சி மாதிரி நின்றது. சனம் கைதட்டியது. அத்தோடு விட்டிருந்தால் றொபின் அன்று வென்றிருப்பார். ஆனால் கைதட்டு அவருக்குக் கள்ளு மாதிரி.

"பொம்மையை எடுங்கோ!" என்றார் மைக்கில். "செய்தவனுக்கு நம்பிக்கை இல்லாட்டி வேறை ஆருக்கு வரும்? இந்த முறை நான் நிக்கிறன்!"

பந்தலில் ஆ என்றார்கள். றொபின் நடுவீதியில் போய் நின்றார். அப்போது ஜெர்மன்காரி ஒருத்தி எழும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: வீதியில் வாகனங்கள் பதினைந்தில் போவதில்லையே, நாற்பதில் காட்டமுடியுமா என்று. றொபின் பந்தல் பக்கம் திரும்பினார். முழுச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாப்பதென்ன, தாராளமா!" என்றார். "ஷிஹாப், நாப்பது!"

வான் தொங்கலுக்குத் திரும்பி வந்து நின்றது. ஷிஹாப் யன்னலால் றெபேக்காவைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவள் கை ஒன்றையும் தொடத் தேவையில்லை. அவரே அழித்தார், அவரே வேகத்தை ஏற்றினார், அவரே போய் நிற்கிறார். ஒரு நீதவானும் அவளைக் கேட்கமாட்டார். றெபேக்கா அந்த எண்ணத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் பிறகு? அடக்க ஆராதனை நடக்கும். பாமாலை பாடுவார்கள். தன் கண்டுபிடிப்புக்காக உயிர் கொடுத்தவர் என்று கல்லறையில் வெட்டுவார்கள். கல்லில் வெட்டின பேரைப் பிறகு யார் அழிக்கிறது? இல்லை. இந்தாள் சாகக்கூடாது. நன்றாக இருக்கவேண்டும், கிழடுதட்டும்வரை இருக்கவேண்டும், ஞாயிறுக்கு ஞாயிறு ஆராதனைக்கு வந்து எல்லார் முகத்திலும் முழிக்கவேண்டும்.

"ஷிஹாப், எஞ்சினை நிப்பாட்டுங்கோ. திறப்பைத் தாங்கோ."

"சேர் ஏசுவார், மிஸ்."

"என்னை ஏசட்டும்."

அவன் அப்பாடா என்று வான் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தான். றெபேக்கா வீதியின் நடுவால் நடந்து போனாள். றொபினுக்கு முன்னால் போய் நின்றாள். றொபின் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் கதைத்தார். மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லும் ஒலிபெருக்கியில் விழுந்து தோட்டங்களுக்கு மேலால் போனது.

"என்ன விசர் வேலை இது? வழியை விடும்."

"நாப்பதிலை வந்தால் உது உங்களிலை ஏறும், அத்தான்."

"மத்தியானம் திருத்திப்போட்டன்."

"எவ்வளவாலை திருத்தினனீங்கள்?"

"...ஒரு மட்டா, கண்ணளவாலை."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். றொபின் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார். அதை நிறுத்த விரல் போனது. றெபேக்கா அவர் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டாதையுங்கோ. சனம் கேக்கட்டும். பின்வாங்கி ஓரத்துக்குப் போறதெண்டாலும் போகலாம், ஒருத்தரும் மறிக்கேல்லை. செய்தவனுக்கு நம்பிக்கை இல்லையெண்டு அவையள் விளங்கிக்கொள்ளுவினம்."

"இஞ்சாருங்கோ, இஞ்சாலை வாங்கோ!" என்று முன்வரிசையில் சீலா எழும்பிக் கத்தினாள். றொபின் ஒரு கால் எடுத்தார். ஜெர்மன்காரி தன் மொழிபெயர்ப்பாளனின் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன, என்ன என்று கேட்பது தெரிந்தது. எடுத்த காலை றொபின் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

றெபேக்கா கையை விட்டு, வீதி ஓரத்துக்குப் போய், திறப்பை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். இப்போது அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஷிஹாப்பிட்டைத் திறப்பைக் குடுத்து வானை விடச் சொல்லட்டோ அத்தான், இல்லாட்டி உதை எழுதினது ஆரெண்டு நீங்கள் சொல்லுறியளோ?"