பதினோரு அடி உயிர்த்தண்ணி

1934 மாசியில் பீளமேட்டில் புதைத்த மின்சாரக் கேபிள் பதினோரு அடி வளர்ந்தது. அந்த வருஷம் பருத்தி சுமார், வெல்லம் மலிவு.

நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த புதிது. ஊருக்குக் கிழக்கே எழும்பிய நூல் மில்லுக்குத் தெய்வாத்தாளின் பருத்திக்காட்டு வரப்போரம் பள்ளம் வெட்டினார்கள். தடத்தை அளந்து சொன்னவன் காரமடை அரங்கசாமி. கெட்டிக்காரன்தான், அன்று யார் கண் பட்டதோ, கிணற்றைச் சுற்றிப் போகும் வளைவைச் சேர்க்க மறந்துவிட்டான். அவன் சொன்ன அளவுக்கே சீமையிலிருந்து கேபிள் வந்தது. பள்ளத்தில் இறக்கி மூடிக்கொண்டே போனபோது முனை மில் சுவரை எட்டப் பதினோரு அடி குறைந்தது. இன்னொரு சுருள் கப்பலில் வரவேண்டும். அதுவரை மில் ஓடாது, அவனுக்கு வேலையும் இருக்காது. இஞ்சினியர் சோதனைக்கு வர ஒரு வாரம் இருந்தது. முனையை மண்ணுக்குள் மறைத்துவிட்டு, பாவம், சோறு தண்ணியில்லாமல் திரிந்தான்.

தெய்வாத்தாளுக்கு இது எதுவும் தெரியாது. புதிதாக நட்டதற்கு மூன்றாம் நாள் உயிர்த்தண்ணி விடுவது காட்டு வழக்கம். நட்டவர் மறந்தால் பார்த்தவர் விடவேண்டும். அவள் மாடு பூட்டிக் கவலைச் சாலில் கிணற்றுத் தண்ணி இறைத்து, வாய்க்காலைக் கேபிள் பக்கம் திருப்பினாள். அரங்கசாமி அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏனுங்க்கா, இதுக்குத் தண்ணியே ஆகாதுங்க! என்ற பொழப்பே போச்சுங்க!"

"நட்டுப்போட்டு உயிர்த்தண்ணி ஊத்தாம உடுவாங்களா கண்ணு? வாடிப்போயிருமல்லொ!"

மறுநாள் விடியலில் முனை மண்ணை முட்டி எட்டிப்பார்த்தது. அடுத்த சில நாட்களில் உள்ளே செம்பும் சுற்றிலும் எண்ணெய்க் காகிதமும் மேலே ஈயத்தோலுமாக, ஒன்று குறையாமல் வளர்ந்து, மில் சுவரின் ஓட்டைக்குள் தானே நுழைந்து நின்றது. இஞ்சினியர் வந்து மெகர் கருவியின் கைப்பிடியைச் சுற்றினார். மின்கசிவு துளியும் இல்லை. வழக்கத்தைவிட இரட்டிப்பு மின்னழுத்தம் கொடுத்தும் கேபிள் அசரவில்லை. "அளவு கச்சிதம்" என்று அவர் தட்டிக்கொடுத்ததும் அரங்கசாமி குலுங்கி அழுதுவிட்டான். சந்தோஷம் என்று நினைத்தார். சந்தோஷமும்தான்.

மறைக்க மனம் வராமல் அன்றே உண்மையைச் சொன்னான். இஞ்சினியர் வாய்க்கால்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அவனை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதன்பிறகு எங்கே கேபிள் புதைத்தாலும் மூன்றாம் நாள் உயிர்த்தண்ணி விடத் தெய்வாத்தாளை அழைத்துவர வண்டி போனது. ஓட்டிப் போனவன் அரங்கசாமி. சீமைக்கு ஆர்டர் எழுதும்போது பதினோரு அடி குறைத்தே எழுதினார்கள்.