கத்திப் பார்க்கும் பூத்

சம்பத்துக்குத் திடீரென்று சினிமா ஆசை வந்துவிட்டது. சேலையூர் ஃபிளாட்டின் படுக்கையறையை ஹோம் தியேட்டர் ஆக்கப் போகிறானாம். சத்தம் வெளியே போகாமல் சுவரையெல்லாம் அடைக்கப் போகிறானாம். வருஷத்துக்கு ஒரு படம் பார்க்காதவனுக்குத் தியேட்டர் எதற்கு என்று அவன் மனைவி சாவித்ரிக்கா தெரியாது? அவன் அவளை அடிக்கும்போதெல்லாம் பக்கத்து ஃபிளாட் தனம் அக்கா காலிங்பெல் அடித்து, உறைமோர் கேட்டு வந்து நிற்பாள். ஓங்கிய கையை இறக்கிவிட்டுப் பல்லை இளித்துக்கொண்டு இவன் கதவைத் திறப்பான். எந்த வீட்டில் இத்தனை தடவை உறைமோர் தீரும்? சத்தம் கேட்டுத்தான் வருகிறாள் என்று ஒருநாள் அவனுக்கும் புரிந்துவிட்டது.

"சுவத்துக்குக் கலர் நீயே செலக்ட் பண்ணு" என்று ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்கு அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அந்தச் சுவரும் அடைபட்டால் தனக்கு நாதியில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

சத்தம் அடைக்கிற சாமான் விற்கும் கடையில் நல்ல கூட்டம். சம்பத் தெர்மாகோலை எடுத்துப் பார்த்ததும் கடைக்காரர் துரைராஜ் சிரித்தார்.

"அது சத்தத்துக்கு வேலைக்காவாது சார். முட்டை அட்டை மாரி கீதே, அந்த ஃபோமு எதிரொலிய கொறைக்கும், அவ்ளோதான். சொவுத்து மேல ஃபிரேம் அடிச்சி, உள்ள ராக்வுல்லு, அதான் கல்லுப் பஞ்சு, அத்த திணிச்சி, ரெண்டு ஜிப்சம் போர்டு போடணும். வெயிட்டா இருந்தாதான் சத்தம் நிக்கும்."

"எவ்வளவு கத்தினாலும் கேக்காதா?" என்றான் சம்பத். சினிமா பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது?

"நீங்களே டெஸ்ட் பண்ணிக்கோங்க." செல்போன் வந்து படுத்துப்போன ஒரு எஸ்.டி.டி. பூத்தை வாங்கி, அதற்குள் அதே மாதிரி அடைத்து, கதவுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார் துரைராஜ். "மேடம், உள்ள போயி நல்லா கத்துங்க."

"போ, போய்க் கத்து" என்று சிரித்தான் சம்பத்.

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம். கல்யாணமான நாளிலிருந்து யார் கேட்டாலும் 'பாத்ரூம்ல வழுக்கிடுச்சு' என்றே சொல்லிப் பழகிய வாய் அவளுடையது. அந்த வாயால் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "என் புருஷன் என்னை அடிக்கிறான்!"

இப்படிச் சொல்ல வரும் என்றே அவள் நினைத்ததில்லை. வந்தது, நன்றாகவே வந்தது. இன்னொரு தடவையும் கத்தினாள். வெளியே அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளித் திறந்தாள்.

"இன்னா கத்தினீங்க மேடம்? ஒண்ணியுமே கேக்கல!" துரைராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதையே போட்டுடுங்க" என்று பர்ஸை எடுத்தான் சம்பத்.

"கேக்கலையா? அப்ப இப்ப கேளுங்க" என்றாள் சாவித்ரி. "இந்த ஆளு என்னை அடிக்கிறான். நான் அலறுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் இதை வாங்க வந்திருக்கான்."

கடையே திரும்பிப் பார்த்தது. துரைராஜ் கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினார்.

"மெதுவா பேசுடி" என்று பல்லைக் கடித்தான் சம்பத்.

"முடியாது" என்றாள். வாசலுக்கு வந்து நின்று, ரோட்டில் போகிற பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி அதையே முதலிலிருந்து சொன்னாள்.