நாற்காலியை இறக்கியவர்

1

இந்தக் கதை ஒரு சட்டைக்குள் பிறந்தது. காலையில் அதைப் போட்டுக்கொள்ளத் திண்டாடுகிறவர் ஒரு முடிதிருத்துபவர். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் எழாது.

(ஏன் முடிதிருத்துபவர்? கையைத் தூக்காமல் பிழைக்க முடியாத தொழில் வேண்டியிருந்தது. என் தொழிலில் உட்கார்ந்தே ஒப்பேற்றிவிடலாம்.)

2

முதல் தொடக்கம்: “வலி என்பது ஒரு…”

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

இரண்டாவது: அவர் நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கினார். “கொஞ்சம் சரிஞ்சு உட்காருங்க சார், அப்பதான் வெட்டு அமையும்.” சரிந்தார்கள். அப்படியும் உச்சி எட்டவில்லை. சீக்கிரமே தெருவில் பாதி ஆண்களுக்கு உச்சியில் ஒரு கொத்து நின்றது. அதுதான் இப்போது நாகரிகம் என்று அடித்துவிட்டார். விஷயம் தெரிந்தால் எல்லோரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்.

3

மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சட்டை போடும் பத்தியில் நின்றுவிட்டாள். அதில் முடிதிருத்துபவர் வலிக்கிற கையை முதலில் நுழைப்பார். கழற்றும்போது நல்ல கை முதலில்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கற்பனைதான்.”

“மேல் தட்டு டப்பா எல்லாம் கீழ இறங்கி வந்ததும் கற்பனையா? எனக்கு வசதியா இருக்கட்டும்னு செஞ்சீங்கன்னு பக்கத்து வீட்டுல வேற பீத்திக்கிட்டேன். எங்க, கையைத் தூக்குங்க பார்ப்போம்.”

தூக்கவில்லை. வலியைவிட எனக்குப் பயம்தான் அதிகம். ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் அவள் எனக்கு எடுத்துக் கொடுக்கிற ஆளாகவே…

(இந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

அவள் காகிதத்தைத் திருப்பித் தந்தாள். “கதையில ஒரு தப்பு இருக்கு. தலையில கொத்தோட போறவனுக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரியும். தெரியும்கிறது அந்த ஆளுக்குத்தான் தெரியாது.”

4

ஆகவே, முடிவு. கடைக்கு ஒரு நெட்டையர் வருகிறார். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறார்.

“இப்ப எட்டுதாண்ணே?”

கத்தரிக்கோலுடன் நிற்கிறார் முடிதிருத்துபவர். நாகரிகம் என்று மறுபடி அடித்துவிடலாம். அல்லது “எட்டுதுப்பா” என்று சொல்லலாம். அந்த ஒரு சொல் அவர் தொண்டையிலிருந்து வருமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒருத்தி என் சட்டையின் வலது கையை விரித்துப் பிடித்தபடி நெடுநேரமாக நிற்கிறாள்.