சனிக்கிழமை உடுப்புகள்

தியாகராசா தன் நெஞ்சைக் காட்டத்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வவுனியாப் பக்கத்துக் கருங்கல் குவாரியில் இருபத்திரண்டு வருடம் துளை போடும் மெஷின் பிடித்தவர். "நீயும் உன்ரை இருமலைக் காட்டினால்தான் நான் வருவன்" என்று அவர் அடம்பிடித்ததால் மனைவி குணலட்சுமியும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தாள்.

மேலும் சோதனைகள் முடிய மூன்று வாரமானது. அதன் பிறகு டொக்டர் வித்தியா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, உங்கடை நெஞ்சிலை கல்லுத்தூசி படிஞ்சிருக்கு. குவாரியை இண்டையோடை விடுங்கோ. ஆனா புற்றுநோய் உங்களுக்கில்லை. அம்மாவுக்கு. நுரையீரலிலை."

"படம் மாறிப்போச்சோ, பிள்ளை? பேரை வடிவாய்ப் பாருங்கோ."

டொக்டர் பெயரைக் காட்டினார். குணலட்சுமி என்றுதான் இருந்தது.

"அம்மா குவாரியிலை வேலை செய்தவவோ?"

"அவ அந்தப் பக்கமே வந்ததில்லை."

"வீட்டிலை ஆரும் சுருட்டு, சிகரெட்?"

"ஒருத்தருமில்லை."

"உங்கடை உடுப்பை ஆர் தோய்க்கிறது?"

"அவதான்."

குவாரியில் குடிக்கிற தண்ணீரே பவுசர் லொறியில்தான் வரும். ஆறு நாள் உடுப்பையும் படுத்த போர்வையையும் பையில் அடைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறுவார். கோப்பாயில் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் தோய்க்கிற தண்ணீர் நேரே வாழைப் பாத்திக்கு ஓடும். முதல் வருடமே கல்லு மாவு படிந்து மண் இறுகி மூன்று வாழை பட்டுப்போயின. "தோய்க்க முன்னம் நல்லாய் உதறு" என்று சொன்னவர் அவர்தான். பிறகு ஒவ்வொரு சனியும் வேலியோரம் புகை மாதிரித் தூசி எழும்பும். அந்த நேரம் அவர் பஸ் களைப்பில் நித்திரையாயிருப்பார்.

"இதாலைதான் வந்ததெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "ஆனா அந்தத் தூசியாலையும் வரும்."

வெளியே குணலட்சுமி அவர் கையைப் பிடித்தாள். "என்னவாம்? ஒளிக்காதேங்கோ."

"எனக்கில்லை, குணம்."

"நல்லூரானே!" அவள் தலைக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப ஏன் செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்?"

"உனக்கு."

கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. "எனக்கெண்டாப் பரவாயில்லை. வாங்கோ, பஸ் போயிடும்."

பஸ்ஸில் ஒரே ஒரு முறைதான் கதைத்தாள். "தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு மருந்தெடுக்க என்னாலை ஏலாது. வீட்டிலையே கிடந்து போறன். என்னைக் கரைச்சல்படுத்தாதேங்கோ."

வீட்டுக்கு வந்ததும் தியாகராசா உடைந்து போனார். டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். "நான்தானே உதறச் சொன்னனான். என்னைத் திட்டு, அடி. ஆனா மருந்தெடு, குணம்."

அவள் திட்டவில்லை. அடுப்படி வாசலில் நின்று எதையோ யோசித்தாள்.

"போர்வையைத் தனிய உதற ஏலாதப்பா."

"என்ன?"

"மற்றத் தலைப்பைப் பிடிக்கிறது நிவேதனா. பத்து வயசிலையிருந்து, கலியாணம் கட்டிப் போகுமட்டும்."

தியாகராசா நின்ற இடத்திலேயே இருந்துவிட்டார். அவர்களுடைய ஒரே மகள்.

குணலட்சுமி போனை எடுத்தாள். தொண்டையைச் செருமிக் குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"பிள்ளை, நாளைக்கு ஒருக்கா வாறியோ? என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும்... ஓம், மருந்தெடுக்கத்தான். கட்டாயம் எடுப்பன்... அப்பருக்கு ஒண்டுமில்லை, இஞ்சைதான் குந்திக்கொண்டிருக்கிறார்... வந்த கையோடை நீயும் நெஞ்சைப் படமெடுத்துப் பார், என்ன... சும்மா கேக்கிறன், இருமல் ஏதும் இருக்கோ?"

பதிலைக் கேட்டாள். தியாகராசா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு, "இல்லையாம்" என்றாள்.

அவர் மூச்சு விட்டார்.

"எனக்கும் போன வருசம் இருக்கேல்லைத்தானே" என்று சொன்னவள், அன்றைக்கு முதல் முறையாக அழத் தொடங்கினாள்.