தீப்பொறி எழுந்திருக்கவில்லை

இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் அவளுக்குத் தீப்பொறி என்று பெயர். வெல்டிங் பிடித்தால் கை நடுங்காது. கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்கமாட்டாள். பிறவியிலேயே காது கேட்காது. பட்டறையில் அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டால் அங்கே எல்லாருமே செவிடுதான், எல்லாருமே கையால்தான் பேசியாக வேண்டும்.

முதலாளி புதிதாக வேன் வாங்கி, கதவுகளைக் கொண்டுபோய் மாட்டிவர லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும் என்றபோது, நான் எடுக்கிறேன் என்று அவள் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள். முதலாளி சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அக்காவின் கணவர், அத்தான், பஸ் ஓட்டுபவர். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் பாடம் எடுத்தார். சிவப்பு வட்டம் என்றால் கூடாது, முக்கோணம் என்றால் எச்சரிக்கை. "மஞ்சள் விழுந்தா ஒரே மிதி, பறந்துரணும்" என்று அவர் வேடிக்கையாகக் கைகாட்ட, அவள் கரண்டியை ஓங்கினாள்.

லைசென்ஸ் ஆபீசில் தேர்வு நாளன்று அக்காவும் கூட வந்தாள். அதிகாரியின் மீசை மேலுதட்டோடு நிற்காமல் வாயையே மூடியிருந்தது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவளுக்கு அது பூட்டிய கதவு. கையால் விடை சொல்லிக் கொடுத்துவிடுவாள் என்று அக்காவை அவர் வெளியே அனுப்பினார். பிறகு முன்னால் நின்று ஏதோ சொன்னார். தீப்பொறி கையைத் தூக்குவதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

திரையில் படங்கள் வந்தன. குறுகும் பாலம், வழிவிடு முக்கோணம், மின்னி மின்னி அணையும் மஞ்சள் விளக்கு. எல்லாம் தெரிந்தவைதான். சரியான விடையைத் தொட்டாள், தொட்டாள், தொட்டுக்கொண்டே போனாள். கடைசியில் திரை பூஜ்யம் என்றது.

பக்கத்துத் தடுப்பில் தேர்வு எழுத வந்திருந்தவர் ஒரு முடிதிருத்துபவர். மேசை ஓரத்தில் எழுத்து தேய்ந்துபோன ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினார். விடையைத் தொட்ட கையோடு அதையும் அழுத்தினால்தான் விடை பதிவாகுமாம். மீசைக்காரர் சொன்னது அதைத்தான்.

அதிகாரி வந்து 'போகலாம்' என்று கை வீசினார். தீப்பொறி நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உங்க தங்கச்சிய எழுந்திரிக்கச் சொல்லுங்கம்மா. அடுத்த மாசம் வரட்டும்."

அக்கா அதைக் கையால் சொல்ல, பதிலுக்குத் தீப்பொறியின் கைகள் பறந்தன. அக்கா அதிகாரியிடம் திரும்பினாள். "சார், தெரியாம நடந்துபோச்சு. கொஞ்சம் தயவு பண்ணி..."

மேசையில் படார் என்று ஓர் அடி விழுந்தது. அக்காவின் உதட்டில் ஓடிய 'தயவு' தீப்பொறியின் கண்ணுக்குத் தப்பவில்லை. நான் அப்படியா சொன்னேன்? சொன்னதைச் சொல்!

எல்லாரும் பார்த்தார்கள். அக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் நிமிர்ந்துகொண்டாள். "சார், அவ சொன்னது வேற. 'நான் தோக்கல. நீங்க சொன்னது எனக்கு வந்து சேரல. வாயால சொன்னத எழுதி ஒட்டுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.' இதான் சார் சொன்னா."

"பின்னால ஹாரன் அடிச்சா எப்படிம்மா கேக்கும் இவங்களுக்கு?"

இந்தத் தடவை அக்கா ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. "'கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கு? சிவப்பு விளக்கு என்ன, சத்தம் போட்டா உங்கள நிறுத்துது?'ன்னு கேக்குறா."

முடிதிருத்துபவர் எழுந்தார். "சார், காது நல்லா கேக்குற எனக்கே பாதிதான் புரிஞ்சுது. மீதி மீசைக்குள்ளயே நின்னுருச்சு. வேணும்னா ஓரத்துல கொஞ்சம் வெட்டிவிடட்டுமா?"

அறையே சிரித்தது. அதிகாரி விருட்டென்று உள்ளே போய்விட்டார். சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. அக்கா கொடுத்த தண்ணீரைத் தீப்பொறி உட்கார்ந்தபடியே குடித்தாள்.

அப்புறம் அதிகாரி ஒரு தாளோடு வந்தார். பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைச் சுவரில் ஒட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமலே திரையை மறுபடி போட்டுவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் தப்பு. தேறிவிட்டாள். இனி வண்டி ஓட்டிக் காட்டுவதுதான் பாக்கி. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. எது தப்பு என்று காட்டச் சொன்னாள்.

"அதான் பாஸாயிட்டியேடி, வா!" என்றாள் அக்கா.

அதிகாரி பெருமூச்சு விட்டுத் திரையைத் திருப்பினார். நீல வட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. இரண்டு கோடு குறுக்கே போட்டிருந்தால் நிற்கவே கூடாது. அவள் மாற்றித் தொட்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு சுவரைக் காட்டி அக்காவிடம் கையசைத்தாள். அந்தத் தாளில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, அவரிடம் சொல்லு.

"செத்தாலும் சொல்லமாட்டேன்" என்று அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கைதான் அகப்பட்டது. படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை மற்ற கை விடாமல் பேசிக்கொண்டே வந்தது.